ஆளுக்குப் பாதி மாத்திரை

2024 ஜூன் 11

காலையிலிருந்து சாரல். கால்நடை மருந்தகத்து ஓட்டில் மறுபடியும் ஒழுக்கு. மூன்று சினை ஊசி, ஒரு மடி நோய், வயிறு உப்பிய ஆடு ஒன்று. ஆடு பிழைத்துவிடும்.

மத்தியானம் ஆலங்குளத்திலிருந்து மேலதிகாரி போன் செய்தார். மாட்டுக் காசநோய் ஆராய்ச்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறதாம். வீரகேரளம்புதூர் பக்கத்து மாட்டுத் தொழுக்களுக்கெல்லாம் நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "ஒங்க கூடப் படிச்சவங்களாமேம்மா, டாக்டர் ஹுஸ்னா. டாக்டர் ஜுஹைனாதான் வேணும்னு கேட்டு வாங்கிருக்காங்க" என்றார். எனக்கு ஏதோ விருது கிடைத்துவிட்ட மாதிரி அவர் குரலில் ஒரு சந்தோஷம்.

ஹுஸ்னா.

கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஜூன் 12

எழுதாமல் விட்டால் தொண்டையிலேயே நிற்கும். எழுதிவிடுகிறேன்.

கால்நடை மருத்துவம் முடித்ததும் நுண்ணுயிரியல் மேற்படிப்புக்கு எங்கள் கல்லூரியில் இரண்டே இடம். பட்டியலில் நான் இரண்டாவது, ஹுஸ்னா மூன்றாவது. அந்த மாதம்தான் எனக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை அஃப்சலுக்குச் சவுதியில் தம்மாமிலிருந்து கிடைத்தது கொஞ்ச நாள் லீவு. "படிப்பு எங்க ஓடிரப் போவுது, அடுத்த வருசம் படிச்சுக்கலாம்" என்றார் மாமி, அஃப்சலின் அம்மா. நான்தான் கல்லூரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் ஹுஸ்னா அந்த இடத்தில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருசம் என்று ஒன்று வரவே இல்லை.

அவள் பிடுங்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஜூன் 14

வந்துவிட்டாள். ஜீப்பிலிருந்து குதித்து, வாசலில் நின்ற ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, சாணிக் கையோடு நின்ற என்னை அப்படியே கட்டிப்பிடித்தாள். "ஏட்டி ஜுஹி, அப்படியே இருக்கியே!"

நான் அப்படியே இல்லை. உடம்பு பெருத்துவிட்டது, முன்தலையில் நரை. அவள்தான் அப்படியே இருக்கிறாள். கசங்கின சட்டை, ஏனோதானோவென்று சுற்றிய துப்பட்டா, யாரிடமாவது பேனா வாங்கிவிட்டுத் திருப்பித் தராத அதே பழக்கம். இன்று போனது என் பேனா. கல்யாணம் ஆகவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

கூட இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், ஐஸ் பெட்டிகளோடு. அவள் பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னை அப்படிப் பார்ப்பது மாடுகள் மட்டும்தான்.

தான் தேடுவதை எனக்கு விளக்கினாள். மாட்டுக் காசநோய்க் கிருமி இந்தப் பக்கம் இருக்கிறதா, இருந்தால் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எந்த மருந்துக்கு அடங்க மாட்டேன் என்கிறது. "மாட்டுக்கு யாரும் காசநோய் மருந்து குடுக்கதில்ல. குடுக்கவும் கூடாது. அப்ப மருந்துக்கு அடங்காத கிருமி மாட்டுல இருந்தா, அது எங்கருந்து வந்துச்சு? அதாம்ட்டி என் கேள்வி."

நல்ல கேள்வி. நானும் கேட்டிருப்பேன் — கேட்பதற்கு ஒரு இடம் கிடைத்திருந்தால்.

ஜூன் 17, பக்ரீத்

மாமி சொல்லித்தான் கூப்பிட்டேன். ஹுஸ்னா வந்து பிரியாணி சாப்பிட்டாள். அடுக்களைக்குள் வந்து மாமியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மாமியின் முட்டுவலியைப் பற்றி விசாரித்தாள். எனக்கு அந்த முட்டுவலி பதினாலு வருஷமாகத் தெரியும். ஒரு தடவையாவது இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருப்பேனா தெரியவில்லை.

அஃப்சல் வீடியோவில் பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவர், என்னிடம் பேசியதைவிட அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் கடைசியாக எப்போது கேட்டார் என்று யோசித்தேன். சாணி வாடை வருகிறது, குளித்துவிட்டு வா என்று சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

அவள் போனபிறகு மாமி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம்புட்டு வெவரமான புள்ள. பொம்பளப் புள்ளைய படிக்க வைக்கணும்ங்கது இதுக்குத்தான்."

நான் பாத்திரம் தேய்த்தேன். கைப்பிடி கழன்றுவரும் அளவுக்குத் தேய்த்தேன்.

ஜூன் 20

இன்று தங்கத்தாய் வீட்டுத் தொழுவுக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தொழு என்னுடையது என்றே சொல்வேன். இங்கே பிறந்த கன்று ஒவ்வொன்றும் என் கையில் விழுந்ததுதான். தங்கத்தாயின் வீட்டுக்காரர் மாடன் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜம்முவில் வேலை பார்த்தபோது இங்கே வீட்டில் பிறந்த கன்றுக்கு ஜம்மு என்றே பெயர் வைத்தார். அந்த ஜம்முதான் இப்போது வீட்டின் பெரிய மாடு. ஜெர்சிக் கலப்பு, நெற்றியில் வெள்ளை. அதன் தலையில் கை வைக்காமல் மனுஷன் காலைக் காப்பி குடிக்க மாட்டார்.

ஜம்மு மெலிந்திருக்கிறது. வரட்டு இருமல். கொம்பைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி இருமுகிறது. மாடனும் இருமுகிறார். மாசி மாதத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதாகத் தங்கத்தாய் சொன்னாள். ஹுஸ்னா உடனே அவரிடம் பச்சைப் பால் குடிப்பீர்களா என்று கேட்டாள். கறந்த சூட்டில் ஒரு சொம்பு, பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதலாக, என்று பெருமையாகச் சொன்னார்.

ஹுஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அதே சமயம் அவளைப் பார்த்தேன். ஒரு விநாடி இரண்டு பேரும் பழையபடி ஒரே பெஞ்சில் இருந்த மாதிரி. பிறகு அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். என் பேனாவில்.

எல்லா மாட்டுக்கும் கழுத்துத் தோலில் சோதனை ஊசி போட்டோம். காசநோய் இருந்தால் மூன்று நாளில் அந்த இடம் வீங்கும்.

ஜூன் 23

ஊசி போட்ட இடத்தில் ஜம்முவுக்கு எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். இன்னொரு கிடேரிக்கும் லேசாக. மற்றவை பரவாயில்லை.

பாலை விற்கக் கூடாது, கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, ஜம்முவைத் தனியாகக் கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். தங்கத்தாய் தலையை ஆட்டினாள். அதையே ஹுஸ்னா அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள். தங்கத்தாய் அழுதாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு "சரி டாக்டரம்மா". அவளுக்கு "எந்தாயி, நீ சொன்னாச் சரி".

இரண்டு தடவை வந்தவள்.

ஜூன் 30

மாடனின் கிருமி மாட்டுக் கிருமியா என்று பார்க்கச் சொல்லி ஹுஸ்னா காசநோய்ப் பிரிவுக்கு எழுதினாள். வழக்கமான மருந்து போய்க்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம் என்று பதில். ஆஸ்பத்திரியில் செய்கிற துரிதப் பரிசோதனைக்கு மாட்டுக் கிருமி, மனுஷக் கிருமி என்ற பேதம் தெரியாது. ஜம்முவின் பால் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போயிற்று.

ஜூலை 7

ஐந்தருவி. அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். சீசனில் இங்கே குளித்து எத்தனை வருஷம் ஆயிற்று? விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்கடியில் நிறுத்திவிட்டாள். பெண்கள் பக்கம் நெரிசல். தண்ணீர் முதுகில் அடித்த அடியில் எதையும் நினைக்க முடியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கித் தின்றோம். அவள் விரலெல்லாம் ஊதாச் சாறு. அவளுடைய வாடகை அறையைப் பற்றிச் சொன்னாள், வேலை முடிந்து போனால் பேச ஆள் இல்லையாம், பல நாள் ரொட்டியும் வாழைப்பழமும்தானாம். "ஒனக்கு என்னட்டி, வீடு நெறைய ஆளு" என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது? எதுவும் இல்லாதவள் நம்மைப் பார்த்து உனக்கென்ன என்று கேட்டால் ஆறுதல். எல்லாம் இருக்கிறவள் கேட்டால்?

ஜூலை 15

ஹுஸ்னா சென்னைக்குத் திரும்பிவிட்டாள். மாமி ஒரு பை நிறைய ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 21

இன்று பார்த்ததை எழுத வேண்டும்.

தங்கத்தாய் வீட்டுக் கிடேரிக்குக் குளம்பில் புண் என்று போனேன். வாசலில் யாரும் இல்லை. நேரே தொழுவுக்குள் போய்விட்டேன். தங்கத்தாய் ஜம்முவின் வாயைப் பிளந்து வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பழத்தைக் கீழே போட்டுவிட்டாள். பழத்துக்குள் செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை.

எனக்கு அந்த மாத்திரை தெரியும். காசநோய்க்காரர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது, பல மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை.

நான் கேட்கும் முன்பே அவளே சொன்னாள். "அவுகதான் குடுக்கச் சொல்லுதாக. மாசியில இருந்தே இப்படித்தான் டாக்டரம்மா. ஆளுக்குப் பாதி. ரெண்டு பேரும் ஒன்னாத்தான இருமுதோம், எனக்கு மட்டும் எதுக்கு மருந்துன்னு கேக்காக."

ஆறு மாதம் முடிந்தும் மாடனுக்கு இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரையை இன்னும் நீட்டியிருக்கிறார்கள். எப்படி நிற்கும்? அந்த மனுஷனுக்கும் மருந்து பத்தவில்லை, ஜம்முவின் உடம்புக்கு அது காணவே காணாது. அரைகுறை மருந்தில் கிருமி சாகாது. மருந்தைப் பழகிக்கொள்ளும்.

இனி ஒரு மாத்திரைகூட மாட்டுக்குப் போகக் கூடாது, முழுசையும் அவர் சாப்பிட வேண்டும் என்று கடுமையாகச் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சென்னையம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக. ஜம்முவ ஓட்டிட்டுப் போயிருவாக" என்றாள்.

ஆகஸ்ட் 22

சொல்ல வேண்டும். ஹுஸ்னாவுக்கும் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டும்.

அவள் கேட்ட கேள்விக்கு — எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு — பதில் ஒரு வாழைப்பழத்துக்குள் இருந்தது, அதைப் பார்த்தவள் நான். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து இதை நினைத்து நினைத்து, உள்ளங்கையில் மிட்டாயை மூடி வைத்திருக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறேன்.

நாளைக்குச் சொல்கிறேன். தங்கத்தாயிடம்தான் சொல்லிவிட்டேனே, இனிக் கொடுக்க மாட்டாள்.

செப்டம்பர் 9

ஹுஸ்னாவின் போன். எடுத்ததும் சிரிப்பு. "ஜுஹி, ஜம்மு வளந்துட்டா." பாலிலிருந்து கிருமி வளர்ந்துவிட்டது என்கிறாள். இத்தனை வாரம் ஆகும் அது வளர. மாட்டுக் கிருமியேதான். பைராசினமைடு என்ற மருந்துக்கு அந்த இனமே பிறவியிலேயே அடங்காது, அது எங்கள் இரண்டு பேருக்கும் பாடத்தில் படித்ததுதான். ஆனால் இது காசநோய்க்கு முக்கிய மருந்தான ஐசோனியசிடுக்கும் அடங்கவில்லை.

குடும்பமும் வேறாம். கிருமியின் மரபணுவில் சில துண்டுகள் இருக்கும், சில இருக்காது. இருப்பதைக் கறுப்புக் கட்டமாகவும் இல்லாததை வெள்ளைக் கட்டமாகவும் வரிசையில் போட்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை கிடைக்கும். அவள் இதுவரை தமிழ்நாட்டில் எடுத்தவை எல்லாம் நாலைந்து வரிசைக்குள் அடங்கிவிட்டன. ஜம்முவுடையது எதோடும் சேரவில்லை. கிட்டத்துச் சொந்தம் வடக்கே ஒரு பண்ணையில் கிடைத்த கிருமிதானாம். நான் சொன்னேன், ஜம்முவின் தாய் லாரியில் பஞ்சாபிலிருந்து வந்த மாடு, ஆலங்குளம் வியாபாரி ஒருத்தரிடம் மாடன் வாங்கியது என்று. அவள் துள்ளினாள். "இது எனக்கு யாரு சொல்லுவா ஒன்ன விட்டா!"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த மாட்டுக்கு எப்பவாச்சும் காசநோய் மாத்திரை போயிருக்குமா? நீ அடிச்சுச் சொன்னா நா நம்புவேன்."

"போகல."

"நீ சொன்னாச் சரி."

மருந்தே காணாத மாட்டில் மருந்துக்கு அடங்காத கிருமி. டிசம்பரில் போர்ச்சுகலில் ஒரு மாநாடு, அங்கே இதைத்தான் பேசப்போகிறாளாம். வெள்ளைக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில் அவள் மேடையில் நிற்பதும், யாரோ ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பதும், அவள் முழிப்பதும் எனக்கு அப்படியே தெரிந்தது. போனை வைத்தபிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10

ஏன் அப்படிச் சொன்னேன்?

தெரியும் ஏன் என்று.

செப்டம்பர் 28

ஹுஸ்னா போர்ச்சுகல் போகும் சேதி மாமி வரைக்கும் வந்துவிட்டது. மாமிக்குப் போன் செய்து, தனக்காகத் தொழுது துஆ செய்யச் சொன்னாளாம். "ஒனக்கும் போகணும்னு ஆசையா?" என்று மாமி என்னிடம் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

தங்கத்தாய் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. மூன்று தடவை அந்த வழியாகப் போனேன். ஜீப்பை நிறுத்தவில்லை.

அக்டோபர் 19

மாடனைத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இருமலில் ரத்தம். கோமாரி ஊசி போடப் போன இடத்தில் பால்காரர் சொன்னார். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

போனேன்.

காசநோய் வார்டு கடைசியில் இருக்கிறது. மாடன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நெஞ்சில் சட்டை தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் பட்டாளத்துப் பழக்கத்தில் நிமிரப் பார்த்தார், இருமல் விடவில்லை. மூச்சு திரும்பியதும் முதலில் கேட்டது ஜம்முவைத்தான். தண்ணீர் காட்டினார்களா, தனியாகக் கட்டியிருப்பதால் மிரள்கிறதா என்று.

மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "நா மட்டும் முழுசா முழுங்குனா அது என்ன நெனைக்கும் டாக்டரம்மா? தங்கத்தாய் நிப்பாட்டுனா. நாந்தான் கைக்குள்ள வச்சுக் கொண்டு போயிக் குடுத்தேன்."

நான் சொன்னதோடு நின்றுவிட்டதாக நினைத்திருந்தேன். நிற்கவில்லை. இரண்டு மாதம். நான் மிட்டாயை மூடி வைத்திருந்த இரண்டு மாதமும் இந்த மனுஷன் பாதி மருந்தில் இருந்திருக்கிறார், அதிலும் அந்த மாத்திரையில் இரண்டு மருந்து அந்தக் கிருமியைத் தொடவே தொடாது.

வார்டு டாக்டர் சின்னப் பெண், ஜெனி என்று பெயர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக் கிருமியாக இருக்கலாம், மாட்டில் எந்தெந்த மருந்து பலிக்கவில்லை, எத்தனை மாதமாகப் பாதி மாத்திரை, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே எழுதினார். கடைசியில், "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. குற்றம் சொல்லியிருக்கலாம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஹுஸ்னாவைக் கூப்பிட்டேன். ஜம்முவுக்கு மாத்திரை போயிருக்கிறது, எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும், உன்னிடம் பொய் சொன்னேன் — இப்படி ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

தங்கத்தாய் முந்தாநாள் அவளுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், டாக்டரம்மா பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து. ஹுஸ்னா வாரா வாரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தது எனக்கு இன்றுதான் தெரியும். அன்றைக்கே சென்னையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசி, மாடனின் சளியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறாள். போர்ச்சுகலுக்கு அனுப்பிய கட்டுரையையும் திருப்பி வாங்கிவிட்டாளாம். ஜெனி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நான் சொன்னதில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லணும்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபம்! என் தப்புக்கு அவள் பொறுமை காட்டுகிறாள். படிப்பு, பேர், மாமி, தங்கத்தாய், எல்லாம் போதாதென்று நல்லவளாகவும் இருக்க வேண்டுமா இவள்? எனக்கு என்று எதை மிச்சம் வைத்தாள்? வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "அந்த சீட்டு என்னோடது ஹுஸ்னா" என்றேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. நாற்பதை எட்டப்போகிற ஒரு பொம்பளை, ஆஸ்பத்திரி வாசலில், சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் சொன்னாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஒன் பேருக்குக் கீழதான என் பேரு இருந்துச்சு. நீ வரலன்னு தெரிஞ்சப்ப நா வருத்தப்படலட்டி. சந்தோஷப்பட்டேன். ஒன் நிக்காஹ்வுக்கு வந்து பிரியாணி தின்னேன் பாரு, அந்தச் சந்தோஷத்துல தின்னேன்."

நான் மரத்தில் சாய்ந்துகொண்டேன். அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் ஏனோ மூச்சு சுலபமாக வந்தது.

அக்டோபர் 21

அவளும் சந்தோஷப்பட்டிருக்கிறாள். காலையிலிருந்து அதையே நினைக்கிறேன். கோபம் வர வேண்டும். வருகிறது. ஆனால் இந்தக் கோபத்தோடு இருக்க முடிகிறது.

மாடன் விஷயம் அப்படி இல்லை. அதோடு இருக்க முடியவில்லை.

நவம்பர் 18

மாடனின் முடிவு வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைக் கட்டம் ஜம்முவுடையதேதான், ஒன்றுகூட மாறவில்லை. ஐசோனியசிடுக்கும் அடங்கவில்லை. ஜெனி மருந்தை மாற்றி மூன்று வாரம் ஆகிறது, ரத்தம் நின்றுவிட்டது. இடது நுரையீரலின் மேல்பாகம் சுருங்கிப்போய்விட்டதாம், அது இனித் திரும்பாது. மாடிப்படி ஏற முடியாது, சுமை தூக்க முடியாது.

முதலில் மாட்டில்தான் கிருமி மருந்தைப் பழகியதா, மனுஷனிடம் பழகிப் பிறகு மாட்டுக்குப் போனதா? ஹுஸ்னாவிடம் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மருந்தைப் பாதி பாதி தின்றிருக்கிறார்கள், யாரிடம் முதலில் என்று சொல்ல முடியாது என்றாள். அதைக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம் என்று ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், பேசினதில் பாதி நான்.

டிசம்பர் 4

ஜம்மு செத்துப்போயிற்று. ஹுஸ்னா போர்ச்சுகலில் இருக்கிறாள். பேச்சை அடியோடு மாற்றி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள், அரைகுறை மருந்து தின்ற ஒரு மாட்டையும் ஒரு மனுஷனையும் பற்றி. என் பெயரையும் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

பிரேதப் பரிசோதனை நான்தான் செய்தேன். முகமூடி, இரட்டைக் கையுறை. நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் முழுக்க முத்து முத்தாகக் கட்டிகள், அறுத்தால் சுண்ணாம்பு மாதிரி கரகரவென்கிறது. நிணநீர்க் கணுக்களை எடுத்துப் புட்டியில் போட்டேன். கையில் நடுக்கமே இல்லை. இந்த வேலை எனக்கு நன்றாக வரும். மறந்திருந்தேன்.

குழியை ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். மாடன் தூரத்தில் நாற்காலியில், வாயில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

2025 ஜனவரி 9

தங்கத்தாய் அந்தக் கிடேரியைப் பக்கத்து ஊர் மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறாளாம். ஐந்து கிலோமீட்டர். நம் மருந்தகம் இரண்டு கிலோமீட்டர்தான்.

ஹுஸ்னாவிடம் மட்டும் பேசுகிறாள்; மாத்திரையைப் பார்த்துவிட்டுப் போன டாக்டரம்மா அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அவளிடம் சொன்னாளாம். அது வலிக்கிறது, பழைய இடத்திலேயே. ஆனால் இந்தத் தடவை யார் மேலும் பழி போட வழியில்லை.

பிப்ரவரி 12

ஆராய்ச்சியை இந்த மாவட்டத்தில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். மாடுகளைச் சோதிப்பது என் பொறுப்பு. எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் மனுஷர்களைத்தான் கேட்கிறேன், வீட்டில் யாருக்காவது காசநோய் மாத்திரை இருக்கிறதா, அதை யார் யார் சாப்பிடுகிறீர்கள் என்று. இரண்டு வீட்டில் திருதிருவென்று விழித்தார்கள். இரண்டையும் அன்றைக்கே ஜெனிக்குச் சொல்லிவிட்டேன்.

ஹுஸ்னா ஒரு வாரம் வந்திருக்கிறாள். இன்று ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தொழு. முரட்டு மாடுகள், பிடிக்க ஆள் இல்லை. அவளே பேண்ட்டை மடித்துவிட்டுச் சகதியில் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சாணி. தொழுவுக்காரர் வயசானவர், அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"டாக்டரம்மா, கூட வந்திருக்கது யாரு, ஒங்க கம்பவுண்டரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹுஸ்னா சொல்லிவிட்டாள். "ஆமா அண்ணாச்சி, அம்மாகிட்ட இப்பத்தான் சேந்திருக்கேன்."

அவர் தலையாட்டினார். நல்லாக் கத்துக்கோ தாயி என்று சொல்லிவிட்டுப் புல் அள்ளப் போனார். இவர் டாக்டர், போர்ச்சுகல் வரை போய்ப் பேசியவர் என்று நான் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஹுஸ்னா மாட்டின் கழுத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கயித்த இறுக்கிப் பிடிட்டி" என்றேன். பிடித்தாள். ஊசியைப் போட்டேன்.